கிழிந்த டாலரும் கசங்கிய ரியலும்

கம்போடியாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு நம்மூரில் கிடைக்கும் முதல் யோசனை, "அங்கே டாலரே ஓடும், உள்ளூர்ப் பணமெல்லாம் வேண்டாம்" என்பதுதான். பொய்யில்லை. விடுதி வாடகை, சாப்பாடு, டுக்டுக், அங்கோர் நுழைவுச்சீட்டு என்று எதைக் கேட்டாலும் விலையை டாலரில்தான் சொல்வார்கள். ஆனால் அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பின் பழைய சந்தையில் ஒரு பழக்கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், அந்த யோசனை பாதி வழியில் நின்றுபோனது என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர் ஐந்து டாலர் நோட்டை நீட்டுகிறார். கடைக்காரப் பெண்மணி அதை வாங்கி விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நாலு ஓரத்தையும் விரலால் தடவுகிறார். நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அடுத்து வரும் உள்ளூர்க்காரர் துணியாய் நைந்துபோன 500 ரியல் நோட்டுகளைச் சுருட்டித் தருகிறார். அதை விரித்துக்கூடப் பார்க்காமல் இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறார் அதே பெண்மணி.

அமெரிக்கப் பணத்துக்கு இத்தனை சோதனை, சொந்தப் பணத்துக்கு ஒன்றுமே இல்லை. இதை ஒரு கடைக்காரரின் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் அங்கேயே நின்று வாதாடுவார்கள். "இது நல்ல நோட்டுதானே, நம்பர் தெரிகிறதே" என்று கேட்பார்கள். வாதத்தில் பயனில்லை. அவர் நோட்டின் மதிப்பைச் சந்தேகிக்கவில்லை. அடுத்தவர் அதை வாங்குவாரா என்றுதான் பார்க்கிறார்.

கம்போடியாவின் தேசிய வங்கி டாலரை அச்சடிப்பதில்லை. ரியல் நைந்தால் வங்கி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதிது கொடுக்கும். டாலர் நைந்தால் புதிது கொடுக்க உள்நாட்டில் ஆளில்லை. வங்கிகள் அதைச் சேர்த்துக் கட்டி, காப்பீடு செய்து, விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். நூறு டாலர் நோட்டுக் கட்டுக்கு அந்தச் செலவு பொருட்டில்லை. ஒரு டாலர் நோட்டுக் கட்டுக்கும் எடை அதேதான், சுமந்து போகும் மதிப்பு நூறில் ஒரு பங்கு. அதனால் 2020-இல் தேசிய வங்கி, 1, 2, 5 டாலர் நோட்டுகளை அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதிக்குள் கொண்டுவந்து கொடுத்தால் கட்டணமில்லாமல் ஏற்றுக்கொள்வோம், பிறகு அனுப்பும் செலவு உங்களுடையது என்று வங்கிகளிடம் சொன்னது. சின்ன டாலர் ஒழிந்துவிடும் என்று அப்போது ஒரு பீதி கிளம்பியது. நோட்டுகள் ஒழியவில்லை. புதிய நோட்டு வரத்துதான் குறைவு. இருப்பவை கை மாறி மாறிப் பழசாகின்றன. கிழிந்த டாலரின் செலவு வங்கியிலிருந்து கடைக்காரருக்கும், கடைக்காரரிடமிருந்து வாடிக்கையாளருக்கும் இறங்குகிறது. வரிசையின் கடைசியில் நிற்பவர் சுற்றுலாப் பயணி. நம்மூரில் கிழிந்த பத்து ரூபாயை அந்தி நேரக் கூட்டத்தில் கண்டக்டர் கையில் திணித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறவர்களுக்கு இந்த விளையாட்டின் விதிகளை விளக்க வேண்டியதில்லை.

டாலர் எப்படி வந்தது

1975 ஏப்ரல் 17-இல் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்த கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் படை, பணம் என்பதையே ஒழித்தது. மத்திய வங்கிக் கட்டடம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. புதிய நோட்டுகள் அச்சாகியும் புழக்கத்துக்கு வரவில்லை. சந்தை இல்லை, கூலி இல்லை, கடை இல்லை. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் மக்கள் அரிசியை அளந்து கொடுத்துத்தான் மற்றதை வாங்கினார்கள்; கொஞ்சம் வசதி இருந்தவர்கள் ஒளித்து வைத்திருந்த தங்கத்தைக் கொடுத்தார்கள். ரியல் திரும்பி வந்தது 1980 மார்ச் 20-இல். வந்த பணமும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலைவாசியில் கரைந்தது. 1992, 93-இல் ஐ.நா. இடைக்கால நிர்வாகம் ஆயிரக்கணக்கான படையினரோடும் அலுவலர்களோடும் வந்து இறங்கியபோது, அவர்கள் சம்பளமும் செலவும் டாலராக நாட்டுக்குள் கொட்டின. ஒருமுறை பணமே இல்லாமல் போனதைப் பார்த்த தலைமுறை, கையில் பிடிக்க முடிகிற, ஊர் தாண்டியும் செல்லுகிற காகிதத்தைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. இன்றும் சந்தைகளில் பணம் மாற்றுகிறவர்களில் பலர் தங்க நகைக்கடைக்காரர்கள்தான். கண்ணாடிப் பெட்டியில் மேல்தட்டில் சங்கிலி, கீழ்த்தட்டில் செங்கல்போல் அடுக்கிய ரியல் கட்டுகள். புனோம் பென்னில் நேரம் கிடைத்தால் சொசொரோ என்னும் பண அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இந்தக் கதை முழுவதையும் அங்கே காட்சியாக வைத்திருக்கிறார்கள்.

அரசு ரியலை மேலே கொண்டுவரப் பார்க்கிறது. வங்கிகளும் நுண்கடன் நிறுவனங்களும் 2019 முடிவதற்குள் தங்கள் கடனில் பத்தில் ஒரு பங்கையாவது ரியலில் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆனாலும் ஆயத்த ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஊதியம் இன்றும் டாலரில்தான் அறிவிக்கப்படுகிறது. 2025-க்கு அது மாதம் 208 டாலர். அதாவது இரண்டு பணமும் சேர்ந்தே ஓடும் நாடு இது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைப்பது ஒரு காலில் நடப்பதுபோல.

டாலரை ஊரிலேயே பொறுக்கி எடுங்கள்

வேலை சென்னையிலோ மதுரையிலோ அந்நியச் செலாவணிக் கடையிலேயே தொடங்குகிறது. பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர் வரை வாங்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரூபாயை ரொக்கமாகத் தர முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். இதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது, எந்த நோட்டு என்பது. கேட்காவிட்டால் மொத்தத்தையும் நூறு டாலர் நோட்டாகத் தள்ளிவிடுவார், அவருக்கு அதுதான் சுலபம். இரண்டு நாள் முன்பே போன் செய்து சில்லறை நோட்டு வேண்டும் என்று சொல்லி வையுங்கள். இரண்டு பேர் ஒரு வாரம் போவதற்கு 500 டாலர் ரொக்கம் என்றால் இப்படிப் பிரித்துக் கேட்கலாம்: 100-இல் இரண்டு, 50-இல் இரண்டு, 20-இல் ஐந்து, 10-இல் ஆறு, 5-இல் நான்கு, 1-இல் இருபது. நூறு டாலர் நோட்டு ரியல் மாற்றுவதற்கு. இருபதும் பத்தும் அறைக்கும் வண்டிக்கும். ஒற்றை டாலர்கள் இறங்கிய முதல் நாளுக்கு.

வாங்கும்போது கவுண்டரிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரத்தில் கிழிசல், நடு மடிப்பில் ஊசித்துளை, பேனாக் கிறுக்கல், மைக்கறை, கடைக்காரர் குத்திய சின்ன முத்திரை, ஸ்டேப்ளர் ஓட்டை, செல்லோ டேப். இதில் எது இருந்தாலும் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். நூறு டாலரில் 2013 அக்டோபர் முதல் வந்த, நடுவே நீலப் பட்டை ஓடும் நோட்டாகக் கேளுங்கள். சின்னத் தலை போட்ட பழைய நோட்டு அமெரிக்காவில் இன்றும் செல்லும், சந்தையில் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். அமெரிக்கச் சில்லறைக் காசு கொண்டுபோக வேண்டாம், யாரும் வாங்குவதில்லை. வாங்கிய நோட்டை மடித்துப் பர்ஸில் திணிக்காமல் பாஸ்போர்ட் உறையிலோ ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள்ளோ தட்டையாக வையுங்கள். வேர்வையில் நனையும் இடுப்புப் பட்டையில் வைப்பதென்றால் பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள்.

இறங்கியதும் விசாவைப் பெறுகிறவர்கள் சுற்றுலா விசாவுக்கு 30 டாலரும் ஒரு புகைப்படமும் தயாராக வைத்திருக்க வேண்டும். சரியாக 30-ஐ எடுத்து வைத்தால் மீதிக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. ஊருக்கு வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வண்டிக் கூலியைச் சேர்த்துத்தான் முதல் நாள் கணக்கைப் போட வேண்டும்.

அரை டாலர் எங்கே போகிறது

சாப்பாடு 3.50 டாலர். ஐந்து டாலர் தருகிறீர்கள். திரும்பி வருவது ஒரு டாலரும் 2,000 ரியலும், அல்லது மொத்தமாக 6,000 ரியல். டாலருக்குக் கீழே உள்ள எல்லாமே ரியல்தான், ஒரு டாலருக்கு 4,000 என்ற கணக்கில். மூன்று பூஜ்யத்தைத் தள்ளி நாலால் வகுத்தால் டாலர் வந்துவிடும்: 10,000 என்றால் இரண்டரை, 20,000 என்றால் ஐந்து. மீதியை மேசையிலேயே எண்ணுங்கள். திரும்பி வரும் ஒரு டாலர் கிழிசலாக இருந்தால் அதைச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்து "ரியல்" என்று சொன்னால் போதும். கடைக்காரருக்குக் கோபம் வராது. உங்களிடம் தள்ளிப் பார்த்தார், நடக்கவில்லை, அவ்வளவுதான்.

"டாலரே போதும்" என்கிறவர்களின் பை மெல்லக் கசிவது இதற்கும் கீழே, 1,000, 2,000 ரியல் விலையில். தண்ணீர்ப் போத்தல், கரும்புச்சாறு, வறுத்த வாழைப்பழம் எல்லாம் ரியலில்தான் விலை வைத்திருக்கும். கையில் ரியல் இல்லாதவருக்கு 2,000 ரியல் கரும்புச்சாறு சுலபமாக ஒரு டாலராகிவிடுகிறது. அது ஏமாற்றுகூட அல்ல. ஒற்றை டாலரை நீட்டினால் மீதி கொடுக்கச் சில்லறை இல்லை என்று அவர் கையை விரிக்கிறார், நீங்களும் பெருந்தன்மையாகப் போகட்டும் என்கிறீர்கள். ஒரு நாளில் நாலு தடவை பெருந்தன்மை காட்டினால் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை போய்விடும். பாஸ்ஆப், கிராப் போன்ற வண்டிச் செயலிகளில் கட்டணம் ரியலில் வரும். 6,000 என்று காட்டினால் ரியலில் 6,000 கொடுத்து இறங்குவதுதான் சுத்தம். இரண்டு டாலரைக் கொடுத்தால் மீதிக்காக ஓட்டுநரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024, 25-இல் சந்தை மாற்று விலை பெரும்பாலும் 4,000-க்கும் 4,100-க்கும் இடையில்தான் ஆடியது. நகைக்கடையில் 4,050 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு டாலருக்கு 4,05,000 ரியல். டாலரில் விலை வைத்திருக்கும் உணவகம் 4,000 கணக்கில் ரியலை வாங்கினால், அந்த ரியலுக்கு 101.25 டாலர் பெறுமான சாப்பாடு கிடைக்கும். அதே உணவகம் ரியலுக்கு 4,100 கணக்குப் போட்டால் உங்களுக்குத்தான் நட்டம். ரியலில் விலை வைத்த பொருளுக்கு 4,000 கணக்கில் டாலர் கொடுத்தாலும் நட்டம்தான். ஆளுக்கு ஆள் கணக்கு மாறும் இந்த இடத்தில் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விலை எந்தப் பணத்தில் எழுதியிருக்கிறதோ அதிலேயே கொடுங்கள். மெனுவில் சிறிய எழுத்தில் மாற்று விலை அச்சிட்டிருந்தால் அதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே ஐம்பதிலிருந்து நூறு டாலர் வரை ரியலாக மாற்றிவிடுவது என் கட்சி. சந்தைக்குள்ளோ அதைச் சுற்றியோ உள்ள கடைகளில் பலகையில் இரண்டு எண் இருக்கும். சின்ன எண், அதாவது அவர்கள் டாலரை வாங்கும் விலைதான் உங்களுக்கு. சுத்தமான நூறு டாலர் நோட்டுக்கு முழு விலையும், சின்ன நோட்டுக்கும் அழுக்கு நோட்டுக்கும் சற்றுக் குறைவாகவும் தருவார்கள். பெரிய ரியலாகத் தந்தால் பாதியை 1,000, 5,000 நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். ரியல் நோட்டுகளில் நாட்டு மொழியான கெமரின் எண்களோடு நமக்குப் பழகிய எண்களும் உண்டு. பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது கெமர் எழுத்து என்பதால் அந்த வளைவுகளைப் பார்க்கும்போது எங்கோ படித்ததுபோல ஒரு மயக்கம் வரும். மயங்கி நிற்காமல் பூஜ்யங்களை எண்ணுங்கள். 5,000-த்தையும் 50,000-த்தையும் பர்ஸின் ஒரே அறையில் வைக்காமல் இருந்தால் பாதிப் பிழை தீர்ந்தது.

ஏடிஎம், அட்டை, க்யூஆர்

ஏடிஎம்கள் டாலரைக் கொடுக்கும், சில ரியலும் கொடுக்கும். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு தடவையும் நாலைந்து டாலர் கட்டணம், எடுக்கும் தொகை எவ்வளவானாலும். அதனால் ஐம்பது ஐம்பதாக எடுப்பது பத்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். எடுத்தால் ஒரேயடியாக எடுங்கள். டாலரில் ஏற்றிய பயண அட்டை இங்கே நன்றாகப் பொருந்தும். எடுப்பதும் டாலர், கழிவதும் டாலர், நடுவில் மாற்று விலை இல்லை. சாதாரண ரூபாய் அட்டையில் வங்கி போடும் மாற்றுக் கூடுதல் மூன்று, மூன்றரை சதவீதம் வரை வரும், அதன்மேல் வரியும் உண்டு. இயந்திரமோ கடையின் ஸ்வைப் கருவியோ "ரூபாயில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி டாலரையே தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு நம் அட்டைகளில் தானாகத் திறந்திருக்காது. 2020-இலிருந்து அதை நாமே வங்கிச் செயலியில் இயக்க வேண்டும். ஊரிலேயே அதைச் செய்து, ஓடிபி வரும் எண்ணுக்கு ரோமிங்கையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏடிஎம்மின் உண்மையான தொல்லை கட்டணம் அல்ல. அது நூறு டாலரை ஒற்றை நோட்டாகத் துப்பிவிடும், பழக்கடையில் அதற்கு மதிப்பே இல்லை. சில நேரம் அந்த நோட்டே ஓரம் கிழிந்திருக்கும். எனவே வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், வேலை நாளில், கிளை திறந்திருக்கும்போது எடுங்கள். வந்த கையோடு உள்ளே போய் நோட்டைக் காட்டி இருபதாக மாற்றித் தரச் சொல்லலாம்; கிழிந்திருந்தால் அதையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம். 100 என்று கேட்காமல் 90 என்று கேட்டால் பல இயந்திரங்கள் வேறு வழியில்லாமல் சின்ன நோட்டாகத் தரும். ஏப்ரல் நடுவில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் சித்திரை பிறக்கும் அதே நாள்களில்தான் கெமர்ப் புத்தாண்டும். வங்கிகள் மூடியிருக்கும், ஊர் காலியாகும், ஏடிஎம்களும் காய்ந்துவிடலாம். 12-ஆம் தேதிக்குள் கையில் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கடை க்யூஆர் பலகை தொங்குவதைப் பார்த்ததும் நம் கை தானாகப் போனை எடுக்கும். அது கம்போடியாவின் சொந்த ஏற்பாடு, தேசிய வங்கி 2020-இல் தொடங்கிய பாகோங் முறையில் ஓடுவது. உங்கள் யூபிஐ செயலி அதைப் படித்துவிடும் என்று நம்பிக்கொண்டு வெறுங்கையோடு போகாதீர்கள். பாகோங்கில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று தனிச் செயலி உண்டு; அட்டையிலிருந்து பணம் ஏற்றிக்கொண்டு உள்ளூர்க்காரர்போல ஸ்கேன் செய்யலாம். நீண்ட நாள் தங்குகிறவருக்கு அது நல்லது. நாலு நாள் பயணத்துக்கு ரியல் கட்டு ஒன்றே போதும்.

அங்கோர் நுழைவுச்சீட்டுக்கு மட்டும் அட்டையைப் பயன்படுத்துங்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. 2017 முதல் இதே விலை. அதிகாரபூர்வ மையத்திலோ அவர்கள் இணையதளத்திலோ மட்டும்தான் வாங்க வேண்டும், உங்கள் படம் அச்சிட்ட சீட்டு என்பதால் வேறொருவரிடம் வாங்கிய சீட்டு செல்லாது. பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். முழுக் கட்டணம் கட்டும் நாலு பேருக்கு மூன்று நாள் சீட்டென்றால் இருநூறு டாலரைத் தாண்டும் இந்தச் செலவை அட்டையில் தள்ளிவிட்டால், பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்த சுத்தமான நோட்டுகள் வேறு வேலைக்கு மிஞ்சும். சியெம் ரீப் பக்கத்தில் உள்ள குலென் மலைக்கு இந்தச் சீட்டு செல்லாது, அங்கே தனியாக 20 டாலர்.

திரும்பும்போது

டாலர் மிஞ்சினால் கவலையில்லை. 2,000 டாலர் வரை கையிலேயே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேலிருப்பதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். யாரும் வாங்காத கிழிந்த டாலர் ஒன்று எப்படியும் பையில் தங்கியிருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். சந்தையின் நகைக்கடைக்காரர் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ரியல் கொடுத்துவிடுவார்.

ரியலைத்தான் தீர்த்துவிட்டு வர வேண்டும். எல்லையைத் தாண்டினால் அதை மாற்றித் தர ஆள் கிடைப்பது கடினம், சென்னையில் கேட்டால் சிரிப்பார்கள். கடைசி இரண்டு நாளில் டாலரை நிறுத்திவிட்டு ரியலை மட்டும் செலவழியுங்கள்; 10,000-க்கு மேல் மிஞ்சினால் விமான நிலையத்துக்கு வரும் வண்டிக் கூலியில் சேர்த்துவிடலாம். மடிப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் நூறு ரியல் நோட்டுகளுக்கு மட்டும் வேறு இடம் உண்டு. புரட்டாசிப் பக்கம் வரும் ப்சும் பென், அவர்களுடைய பித்ரு பட்ச நாள்கள். அப்போது சந்தை நகைக்கடைகளின் முன்னால் கூட்டம் நிற்கும். டாலரை நீட்டி அவர்கள் கேட்டு வாங்குவது புதிய நூறு ரியல் கட்டுகளை. விகாரையில் வரிசையாக வைத்திருக்கும் பிட்சைப் பாத்திரங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு.